நெடுந்தீவில் கண்டது மகெல்லன் முகிலா? பால்வீதியின் குட்டிகள் பற்றியும் ஒரு கேள்வி

வடலி:
போன கிழமை மச்சாள் வீட்டுக் குடிபூரலுக்கு நெடுந்தீவு போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் சின்ன மாமாவும் நானும் தெற்குக் கரைப் பக்கம் நடந்தோம். நிலவு இல்லை. முருகைக்கல் வேலியைத் தாண்டினால் முன்னால் கடல், மேலே வானம், வேறு ஒன்றும் இல்லை. அகத்திய நட்சத்திரம் நல்ல உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே, சற்று வலப்பக்கமாக, வெள்ளையாக ஒரு தேய்ப்பு. கரும்பலகையை ஈரக்கையால் துடைத்தால் ஒரு மங்கல் மிஞ்சுமே, அந்த மாதிரி. நேரே பார்த்தால் மறைகிறது, கண்ணைக் கொஞ்சம் விலக்கினால் தெரிகிறது.

மாமா பார்த்துவிட்டு, "தலைமன்னார்ப் பக்கத்து வெளிச்சம் முகிலில படுகுது" என்று முடித்துவிட்டார். எனக்குத் திருப்தி இல்லை. போனை வேலிக்கல்லில் சாய்த்து வைத்து எட்டரைக்கு ஒரு படம், பத்து மணிக்கு இன்னொரு படம் எடுத்தேன்.

இது மகெல்லன் முகிலாக, அதுதான் தென்வானத்தில் முகில் மாதிரித் தெரியும் அந்தச் சின்ன நட்சத்திர மண்டலமாக, இருக்குமா? யாழ்ப்பாணத்தில் இருந்து அது தெரியுமா?

இன்னொன்று. மகளின் பழைய பொது அறிவுப் புத்தகத்தில் எங்கள் பால்வீதியைச் சுற்றும் குட்டி மண்டலங்கள், அதாவது துணை மண்டலங்கள், இரண்டு என்று இருக்கிறது. இணையத்தில் 60க்கு மேல் என்கிறார்கள். அவள் எது சரி என்று கேட்கிறாள். நான் சோறு ஆறுகிறது என்று சொல்லித் தப்பினேன்.

கணக்குச்சேர்:
முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும் தம்பி. பெரிய மகெல்லன் முகில் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 70 பாகையில் இருக்கிறது. நெடுந்தீவு வடக்கே 9.5 பாகை. 90இல் இருந்து இரண்டையும் கழித்தால் மிச்சம் 10.5. அதாவது அது உச்சிக்கு வரும் நேரத்திலும் தொடுவானத்துக்கு மேல் பத்துப் பாகை சொச்சம்தான். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. ஒரு முட்டி உயரம், அவ்வளவுதான். சின்ன முகில் இன்னும் பதிவு, ஏழு பாகைதான். மாசி மாத மாலையில் அது இறங்கிக்கொண்டும் இருக்கும், அதை விடுங்கள்.

பெப்ரவரி நடுப்பகுதியில் பெரிய முகில் இரவு எட்டு மணியளவில் உச்சியில் நிற்கும். உங்கள் நேரம் பொருந்துகிறது. இடத்தைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ஆகப் பிரகாசமான சிரியஸ் நட்சத்திரத்தில் இருந்து அகத்தியருக்கு மனதால் ஒரு கோடு இழுங்கள். அதே கோட்டை அந்த நீளத்தில் பாதி அளவு இன்னும் கீழே நீட்டினால் முகிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

பண்ணைக்காற்று:
எனக்கு நம்பிக்கை இல்லை. பண்ணைப் பாலத்தில் நின்று மூன்று வருடமாகத் தெற்கே பார்க்கிறேன். பத்துப் பாகைக்குக் கீழே ஒரு நட்சத்திரத்தைக் கூட ஒழுங்காகப் பார்த்தது கிடையாது. கடல் ஈரம், தூசி, தெருவிளக்கு. அந்த உயரத்தில் புகார் மாதிரித் தெரிவது புகாராகத்தான் இருக்கும்.

கணக்குச்சேர்:
பண்ணையையும் நெடுந்தீவையும் ஒன்றாக வைக்காதீர்கள். பண்ணையில் உங்கள் தலைக்கு மேலேயே விளக்கு.

பனிக்குளிர்:
நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், ஊர் வேலணை. இங்கே மகெல்லன் முகில் உதிப்பதே இல்லை. நாற்பத்துமூன்று பாகை வடக்கு, நிலத்துக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் உங்களைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது.

ஒரு விசயம் சொல்லலாம் என்று வந்தேன். 1987 பெப்ரவரி 24 அளவில் அந்தப் பெரிய முகிலுக்குள் ஒரு நட்சத்திரம் வெடித்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிந்த சுப்பர்நோவா. 1604இல் கெப்ளர் பார்த்ததற்குப் பிறகு பூமிக்கு இவ்வளவு கிட்ட, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேறு வெடிக்கவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது, வேலணையில்தான் இருந்தேன். அதைப் பற்றி முதலில் வாசித்தது பத்து வருடம் கழித்து, இங்கே ஒரு நூலகத்தில். அந்தப் பங்குனி இரவுகளில் நாங்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்தது பொம்மருக்காக.

பிறகு கரண்ட் இல்லாத காலம் வந்தது. ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய், பஞ்சுத் திரி, அதைத் தணித்து வைத்துப் படித்தோம். குடாநாடு முழுவதும் இருட்டு. இன்றைக்கு வானியல்காரர்கள் காசு கொடுத்துத் தேடிப் போகிற இருட்டு எங்கள் முற்றத்தில் சும்மா கிடந்தது. யாருக்கும் தெரியவில்லை.

வடலி:
ஐயா, இதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழும்பி மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

நிறமாலை:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். வெளிநாட்டில் இந்தத் துறையில்தான் மேற்படிப்புப் படிக்கிறேன், கோண்டாவில் பிள்ளை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடலி அண்ணை, புத்தகம் பொய் சொல்லவில்லை, வெறுங்கண்ணோடு நின்றுவிட்டது. மகெல்லன் முகில்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரிவதால் அந்த எண்ணிக்கை. பெரியது 1 இலட்சத்து 63 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில், சின்னது ஏறத்தாழ 2 இலட்சத்தில். அடுத்தது கிடைக்க 1938 வரை பொறுக்க வேண்டியிருந்தது. வானியலாளர் ஹார்லோ ஷாப்லி தென்னாபிரிக்காவில் எடுத்த படத்தகடுகளில் ஸ்கல்ப்டர், ஃபோர்னக்ஸ் என்ற இரண்டைக் கண்டார். தகட்டில் அவை கைரேகைக் கறை மாதிரித்தான். 1950களில் சிம்மத்தில் இரண்டும் வடவானத்தில் இரண்டும் சேர்ந்தன. 1977இல் காரினா, 1990இல் செக்ஸ்டன்ஸ், 1994இல் தனுசு. ஆக 2004 வரை முகில்கள் இரண்டோடும் சேர்த்துப் பதினொன்று. இவ்வளவுக்கும் பெரும்பாலான வேலையைச் செய்தது படத்தகடும் உருப்பெருக்கியும் பொறுமையும்தான்.

2005க்குப் பிறகு கதை மாறியது. ஸ்லோன் என்ற பெரிய வானப் படப்பதிவு இலக்கத் தரவாக வந்தது. அதற்குப் பிறகு யாரும் படத்தைப் பார்த்து மண்டலம் தேடவில்லை, நட்சத்திரங்களை எண்ணினார்கள். ஏனென்றால் இந்தப் புதிய குட்டிகளைப் படத்தில் பார்க்கவே முடியாது. முழு மண்டலமும் சில நூறு நட்சத்திரம், அதுவும் எங்கள் பால்வீதியின் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களுக்கு ஊடாகத் தெரிகிறது.

நல்லூர்த் தேரன்று மேலே இருந்து எடுத்த ஒரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரே ஊரில் இருந்து ஒரே பஸ்ஸில் வந்த முப்பது பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். முகம் தெரியாது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் சால்வை போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். மற்றச் சனத்தைப் படத்தில் அழித்துவிட்டு மஞ்சளை மட்டும் மிச்சம் வைத்தால் எங்கே குவிகிறது என்று தெரியும். ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து ஒரே தூரத்தில் நிற்கும் நட்சத்திரங்களின் நிறத்தையும் பிரகாசத்தையும் வரைபில் குறித்தால் அவை ஒரு வளைகோட்டில் விழும். அந்த வளைகோடுதான் சால்வை. தூரத்தை மாற்றி மாற்றி வளைகோட்டை நகர்த்திக் கணினி தேடும். வானத்தில் ஓரிடத்தில் எண்ணிக்கை கூடினால் சந்தேகம் வரும், பிறகு பெரிய தொலைகாட்டியால் போய்ப் பார்ப்பார்கள்.

2015இல் சிலியில் உள்ள நாலு மீற்றர் பிளாங்கோ தொலைகாட்டியின் தரவில் இப்படி ஒரே மூச்சில் பல கிடைத்தன. இப்போது 60க்கு மேல். மகளிடம் இரண்டும் சரி என்று சொல்லுங்கள், எந்தக் கண்ணால் எண்ணினோம் என்பதில்தான் வித்தியாசம்.

கேள்விக்கொத்து:
தங்கச்சி, நல்ல விளக்கம். ஆனால் உங்கள் பஸ்ஸிலேயே நான் ஏறுகிறேன். முப்பது பேர் ஒன்றாக நின்றால் அது ஊரா, வெறும் பஸ் கூட்டமா? சில நூறு நட்சத்திரத்தை மண்டலம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கொத்து என்று சொல்லிவிட்டுப் போகலாமே. பந்து மாதிரித் திரண்டு நிற்கும் கோளக் கொத்துகளில் இலட்சக்கணக்கான நட்சத்திரம் இருக்கிறது, அவற்றுக்கு அந்தப் பட்டம் இல்லை. ஆய்வுக் காசு கிடைக்க மண்டலம் என்ற பெயர் வசதி என்று நான் நினைக்கிறேன்.

நிறமாலை:
காசு பற்றிய பகுதிக்கு வாய்திறக்க மாட்டேன் அண்ணை, என் புலமைப்பரிசில் எவ்வளவு என்று தெரிந்தால் அழுதுவிடுவீர்கள்.

கேள்வி ஆனால் சரியான கேள்வி, நாங்களும் அதில்தான் முட்டிக்கொண்டிருக்கிறோம். செகு 1 என்று ஒன்று இருக்கிறது, 75 ஆயிரம் ஒளியாண்டு தூரம். அதன் மொத்த வெளிச்சம் ஏறத்தாழ 340 சூரியன். ஒரு மண்டலம் முழுவதற்கும் அவ்வளவுதான். வானத்தில் உள்ள சில தனி நட்சத்திரங்களே அதைவிடப் பல மடங்கு பிரகாசம். இப்போது அதன் நட்சத்திரங்கள் எவ்வளவு வேகத்தில் அங்கும் இங்கும் அசைகின்றன என்று அளக்கிறார்கள். நட்சத்திரங்களின் நிறை மட்டும்தான் அங்கே இருக்கிறது என்றால் அந்த வேகச் சிதறல் செக்கனுக்கு 0.2 கிலோமீற்றர் அளவில் இருக்க வேண்டும். அளந்தால் கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஓடுகிறவற்றை நட்சத்திரங்களின் ஈர்ப்பால் மட்டும் பிடித்து வைக்க முடியாது, எப்போதோ கலைந்து போயிருக்கும். பிடித்து வைக்கப் பல இலட்சம் சூரியன்களின் நிறை வேண்டும். தெரிகிற நிறை ஆயிரம் அளவு. மிச்சத்தைத்தான் இருண்ட பொருள் என்கிறோம்.

கோளக் கொத்தில் இந்தக் கணக்கு ஒத்துப்போகும். தெரிகிற நட்சத்திரமே வேகத்துக்குப் போதும், இருண்ட பொருள் தேவையில்லை. இதுதான் முதல் வேறுபாடு.

இரண்டாவது, இரும்பு. செகு 1இன் ஒரு நட்சத்திரத்தில் கொஞ்சம் இரும்பு, இன்னொன்றில் அதைவிடப் பல மடங்கு குறைவு. வெவ்வேறு தலைமுறைகள் அல்லது வெவ்வேறு கலவை. வெடித்த நட்சத்திரத்தின் வாயுவைப் பறக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தால்தான் அடுத்த பிள்ளை அந்த இரும்போடு பிறக்கும். பிடித்து வைக்க ஈர்ப்பு வேண்டும். திரும்பவும் அதே இருண்ட பொருள். உங்கள் கேள்விக்கே வருகிறேன்: ஊர் என்றால் ஆட்களின் எண்ணிக்கை இல்லை, கிணறும் வேலியும் காணி உறுதியும் இருக்க வேண்டும்.

கேள்விக்கொத்து:
இரட்டை நட்சத்திரங்கள்? ஒன்றையொன்று சுற்றும் சோடியில் ஒன்றை அளந்தால் அதன் சுற்று வேகமும் சேர்ந்துதானே வரும். பத்துப் பதினைந்து நட்சத்திரம் அளந்த இடத்தில் இரண்டு சோடி இருந்தாலே கணக்குக் குழம்பும்.

நிறமாலை:
பிடித்துவிட்டீர்கள். அதற்காகத்தான் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள், சோடி என்றால் வேகம் மாறும். செகு 1இல் அந்தச் சோதனையும் செய்தாயிற்று, அது தாங்கிவிட்டது.

எல்லாம் தாங்கவில்லை. 2023இல் அறிவித்த பெரிய கரடி 3ஐப் பாருங்கள். கண்ட நட்சத்திரம் ஏறத்தாழ 60, எல்லாவற்றையும் நிறுத்தால் 16 சூரியன்! தூரம் 33 ஆயிரம் ஒளியாண்டு. வேகச் சிதறல் 3.7 கிலோமீற்றர் என்று வந்தது. ஒரேயொரு நட்சத்திரத்தைக் கணக்கில் இருந்து எடுத்தால் பாதியாகிறது, இன்னொன்றையும் எடுத்தால் சிதறல் இருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. அது மண்டலமா கொத்தா என்று இன்றைக்கும் சண்டை. நீங்கள் அந்தச் சண்டையில் ஒரு பக்கத்தில் நிற்கிறீர்கள், உங்களோடு பெரிய ஆட்களும் நிற்கிறார்கள்.

கேள்விக்கொத்து:
அப்படி வாருங்கள் வழிக்கு. ஆனால் செகு 1 பற்றி நான் விட்டுக்கொடுக்கிறேன். காணி உறுதி உதாரணம் வேலை செய்கிறது, ஊரில் பாதி வழக்கு அதில்தான்.

கணக்குச்சேர்:
இன்னொன்றைத் தங்கச்சி சொல்லவில்லை. 1999இல் இரண்டு குழுக்கள் கணினியில் பால்வீதி மாதிரி ஒன்றை வளர்த்துப் பார்த்தபோது அதைச் சுற்றி இருண்ட பொருளின் கட்டிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. வானத்தில் அப்போது கண்டது பத்துச் சொச்சம். எங்கே மிச்சம் என்று பெரிய பிரச்சினையாகக் கதைத்தார்கள். எனக்கு ஞாபகம், நான் பல்கலைக்கழகம் முடித்த புதுசு. கொள்கையே பிழை என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

நிறமாலை:
ஓம் சேர், இன்றைக்கு அந்தப் பதற்றம் பெரும்பாலும் தணிந்துவிட்டது. ஒரு காரணம் மங்கலான குட்டிகள் கிடைத்தது. மற்றக் காரணம், பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்களின் புறஊதா ஒளி சின்னக் கட்டிகளில் இருந்த வாயுவைச் சூடாக்கித் துரத்திவிட்டது. அடுப்பு மூட்ட முதலே விறகு ஈரமான மாதிரி. பல கட்டிகளில் நட்சத்திரமே பிறக்கவில்லை. செகு 1 போன்றவை மூட்டித் தொடங்கிய கையோடு அணைந்தவை, அதனால்தான் அதில் உள்ள எல்லாமே கிழடு.

எனக்கு ஆகப் பிடித்தது ரெட்டிகுலம் 2. ஒரு இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, 2015இல் கண்டது. அதில் அளந்த ஒன்பது நட்சத்திரத்தில் ஏழில் யூரோப்பியம் போன்ற பார மூலகங்கள் அள்ளிக் கொட்டியிருந்தன. மற்றக் குட்டிகளில் பெரும்பாலானவற்றில் அப்படி இல்லை. ஆக அந்தச் சின்ன இடத்தில் எப்போதோ ஒரே ஒரு அரிய சம்பவம் நடந்திருக்கிறது, இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் மோதியிருக்கலாம். தங்கமும் அதே வழியில்தான் பிறக்கிறது. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப ஏன் பவுன் இந்த விலை விக்குது" என்று கேட்டார்.

பண்ணைக்காற்று:
எல்லாம் நல்லது. ஆனால் எங்களால் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு நேரம் கதைக்கிறோம். என்னிடம் இருப்பது ஆறு அங்குலத் தொலைகாட்டி. அதில் ஒரு குட்டியாவது தெரியுமா, தெரியாதா?

நிறமாலை:
ஒரு துண்டு தெரியும்! ஆடி மாதம் தனுசில் எம் 54 என்ற கோளக் கொத்தைப் பிடியுங்கள். 1778இல் மெசியர் என்ற பிரெஞ்சு வானியலாளர் கண்டது. இருநூறு வருடத்துக்கு மேல் எல்லோரும் அது பால்வீதியின் கொத்து என்றே நினைத்தார்கள். 1994இல் தனுசுக் குள்ள மண்டலத்தைக் கண்டபோது எம் 54 அதன் நடுவில் உட்கார்ந்திருந்தது. அந்த மண்டலத்தைப் பால்வீதி கிழித்துக்கொண்டிருக்கிறது, கிழிந்த நட்சத்திரங்கள் வானத்தைச் சுற்றி நாடா மாதிரிப் போகின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்து ஐம்பது பாகை உயரத்தில் வரும், பண்ணை விளக்கும் அவ்வளவு தொந்தரவு செய்யாது. சின்னப் பஞ்சுப் பொட்டு மாதிரி இருக்கும்.

பண்ணைக்காற்று:
அதை நான் பார்த்திருக்கிறேன். போன வருடம். குறிப்புப் புத்தகத்தில் "சின்னது, சுவாரசியம் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தேன்.

பனிக்குளிர்:
வெட்டி எழுதாதே தம்பி. பக்கத்தில் இன்றைய திகதி போட்டு இன்னொரு வரி எழுது.

முருகைக்கல்:
நான் நெடுந்தீவுதான், கடலுக்குப் போகிறவன். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போவேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வடலி சொன்ன இடத்தில் மாரி முடிந்த பிறகு அந்த வெள்ளை வருவது எங்களுக்குத் தெரியும். அப்பா அதைக் காட்டி "அது கரையாத முகில்" என்பார். அதற்குக் கீழே தண்ணீரோடு ஒட்டினாற்போல இன்னொரு வெளிச்சம் இருக்கும், அது படகுகளின் விளக்கு. இரண்டையும் குழப்பக்கூடாது. படத்தைப் பாருங்கள், இரண்டும் விழுந்திருக்கும்.

வடலி:
பார்த்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேலிக்கல்லின் விளிம்பைப் பொருத்திப் பார்த்தேன். முருகைக்கல் அண்ணை சொன்னபடி இரண்டு வெளிச்சம். தண்ணீர் மட்டத்தில் மஞ்சளாக ஒன்று, எட்டரைக்கு நின்ற இடத்தில்தான் பத்து மணிக்கும் நிற்கிறது. மேலே உள்ள வெள்ளை, அகத்தியரோடு சேர்ந்து வலப்பக்கம் போயிருக்கிறது, கொஞ்சம் பதிந்தும் இருக்கிறது.

கணக்குச்சேர்:
ஒன்றரை மணி நேரத்தில் எட்டு பாகை அளவு மேற்கே போய், இரண்டு பாகை அளவு இறங்கியிருக்க வேண்டும். அளந்தீர்களா?

வடலி:
அளவுகோல் வைத்துப் பார்த்தேன் சேர். அகத்தியருக்கும் சிரியஸுக்கும் உள்ள இடைவெளியை 36 பாகை என்று எடுத்தால் வலப்பக்கம் எட்டோ ஒன்பதோ வருகிறது. பள்ளிக்கூடத்தில் நீங்கள் படிப்பித்திருந்தால் நான் கணக்கில் தேறியிருப்பேன்.

மாமாவுக்கும் காட்டினேன். கீழே உள்ள மஞ்சளைத் தொட்டு, "இதைத்தான் நான் சொன்னனான்" என்கிறார். அவர் சொன்னது பிழை என்று சொல்ல எனக்கும் வழியில்லை.

நிறமாலை:
உங்கள் படத்தில் உள்ள முகிலுக்கும் சொந்தமாகக் குட்டிகள் இருக்கின்றன அண்ணை. காரினா 2, காரினா 3, ஹைட்ரஸ் 1, ஹொரோலொஜியம் 1. கையா விண்கலம் அளந்த ஓட்டத்தைப் பின்னோக்கிப் போட்டால் இவை பெரிய முகிலோடு சேர்ந்து வந்தவை என்று தெரிகிறது. குடிபூரலுக்கு ஒருவரை அழைத்தால் அவர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்தானே. மகளின் எண்ணிக்கையில் இதையும் எங்கே போடுவது என்று அவளே முடிவு செய்யட்டும்.

பண்ணைக்காற்று:
சரி, நான் தோற்றேன். அடுத்த அமாவாசைக்கு வருகிறேன். எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

கணக்குச்சேர்:
பங்குனி நடுப்பகுதி என்றால் இருட்டின கையோடு, ஏழரைக்கே பாருங்கள். அப்போதே ஒன்பது பாகைக்குக் கீழே வந்துவிடும், பிந்தினால் கடலுக்குள் போய்விடும். விளக்கில்லாத கரையில் கண் பழக இருபது நிமிடம் விடுங்கள், போனைத் திறக்காதீர்கள்.

முருகைக்கல்:
பின்னேரப் போட்டைப் பிடித்தால்தான் வரலாம், குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலம். இரவு திரும்ப முடியாது. என் வீட்டில் படுக்கலாம், பாய் இருக்கிறது. நுளம்புக்கு நீங்கள் ஏதாவது கொண்டு வாருங்கள்.

வடலி:
நானும் மகளும் வருகிறோம். மாமாவும் வருகிறாராம், பைனாகுலர் அவரிடம்தான் இருக்கிறது. இருட்டில் கரையில் பைனாகுலரோடு நின்றால் யாராவது வந்து கேட்பார்களே, என்ன பதில் சொல்வது என்று மட்டும் இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறார்.